இன்னும் இரண்டு மாசம் பல்லைக் கடி

பூரணி அம்மையிடம் யார் என்ன குறை சொல்லி வந்தாலும், முதலில் வாயைத் திறக்கச் சொல்வார்.

கடனாநதிக் கரையில் இருந்தது அவருடைய மடம். மடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓடு வேய்ந்த மூன்று அறைகள், வாசலில் ஒரு கீற்றுக் கொட்டகை, பின்னால் ஒரு கிணறு. அவ்வளவுதான். காவி கட்டுவதற்கு முன் அம்மை பன்னிரண்டு வருஷம் மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் உதவிக்கு நின்றவர். மற்ற சாமியார்கள் ஜாதகம் பார்த்தார்கள், கைரேகை பார்த்தார்கள். இவர் பல்லைப் பார்த்தார்.

ஒரு நாள் காண்டிராக்டர் ஒருவர் காரில் வந்து இறங்கினார்.

"மனசுல நிம்மதி இல்லைம்மா. எங்க போனாலும் கிடைக்கலை."

"வாயைத் திறங்க."

திறந்தார். அம்மை அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"பாக்குப் பொட்டலத்தை எத்தனை வருஷமா இடது கன்னத்துல ஒதுக்குறீங்க?"

"அது... பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"உள்ளே வெள்ளையா ஒரு தடிப்பு இருக்கு. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. நிம்மதியை நாளன்னைக்குத் தேடலாம்."

அவர் போய்க் காட்டினார். அதன் பிறகு மாதம் ஒரு முறை வெறும் கன்னத்தோடு வந்து, கொட்டகையில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். நிம்மதியைப் பற்றி மறுபடி அவர் கேட்கவே இல்லை.

இப்படி வருகிறவர் போகிறவர் எல்லாம் வாயைத் திறந்த மடத்தில், திறக்காத ஆள் ஒருத்தி உண்டு. ஆவுடையம்மாள். அம்மையின் சிஷ்யை. சமையலும் அவள்தான். புருஷன் செத்த மறு வருஷம் வந்தவள், மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறாள். அவளுடைய வீடு கூப்பிடு தூரத்தில் பூட்டிக் கிடந்தது.

அம்மைக்கு வயது நாற்பத்தொன்று. ஆவுடைக்கு ஐம்பத்துநாலு. மூத்தவள் இளையவரைத் "தாயே" என்பாள். இளையவர் மூத்தவளை "அக்கா" என்பார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

ஆவுடையம்மாள் கவலைப்படாத நேரம் கிடையாது. பால் பொங்கிவிடுமோ, மழை வந்து விறகு நனைந்துவிடுமோ, பஸ் வராமல் போய்விடுமோ, வந்த பஸ் நிற்காமல் போய்விடுமோ. கவலைப்பட ஒன்றும் கிடைக்காத அன்று, என்னவோ நடக்கப் போகிறது, அதனால்தான் இப்படி அமைதியாக இருக்கிறது என்று கவலைப்படுவாள்.

"அக்கா, இன்னைக்காவது உங்க வாயைக் காட்டுங்க."

"நல்லாத்தான் இருக்கு தாயே. அடுப்புல குழம்பு கிடக்கு."

மூன்று வருஷமாக அடுப்பில் குழம்பு கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் பஸ்ஸில் அவள் மகள் உலகம்மாள் வந்து இறங்கினாள். வயிற்றில் ஏழாம் மாசம். கூட யாரும் இல்லை. கையில் பை இருந்தது.

அந்தப் பையைப் பார்த்ததும் ஆவுடை கையில் இருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏட்டி, மாப்பிள்ளை எங்க?"

"வரலை."

"சொல்லிட்டு வந்தியா?"

"இல்லை."

"எதுக்கு இவ்வளவு பெரிய பை?"

"என் சேலை எல்லாம் எடுத்துட்டு வந்துட்டேம்மா."

ஆவுடையம்மாள் ரோட்டை எட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்து தெரிந்தவர்கள் யாரும் இறங்கவில்லை. மகளை அவசரமாகக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

உலகு கிணற்றடியில் குனிந்து வாய் கொப்பளித்தாள். துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"இது என்னட்டி ரத்தம்?"

"ரெண்டு மாசமா வருது. பல்லு தேய்ச்சாலே வருது. அதான் தேய்க்கிறதை விட்டுட்டேன். ரத்தம் வார இடத்துல கை வைக்கக் கூடாதுன்னு அத்தை சொன்னாவ."

"அதுக்கா கிளம்பி வந்தே?"

"அதுக்கு இல்லை." உலகு கிணற்றுக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். "தூக்கத்துல நான் பல்லைக் கடிக்கேனாம். நறநறன்னு சத்தம் கேக்காம். அவுக மகனுக்குத் தூக்கம் கெடுதுன்னு அத்தை என்னை நெல்லு மூட்டை கிடக்கிற அறையில படுக்கச் சொல்லிட்டாவ. அதுகூடப் போகட்டும். வயித்துல பூச்சி இருந்தாத்தான் பல்லைக் கடிப்பாங்கன்னு அத்தைக்கு ஒரு நினைப்பு. நேத்து விளக்கெண்ணெயில பேதி மருந்து கலக்கிக் கொண்டுவந்து நின்னாவ."

"குடிச்சியா?"

"வாழை மரத்து மூட்டுல ஊத்திட்டேன். இன்னைக்கு மறுபடியும் கலக்குவாவன்னு தெரியும். அதான் வந்துட்டேன்."

"மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையா?"

"அவுக எங்க சொல்லுவாவ? நாலு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே. அவுக அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு, வாந்தியா இருக்கு, வரலைன்னு சொன்னேன். அன்னைக்கு மூடின வாய்தான்."

"சாப்பாடாவது?"

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு. அதுவரைக்கும் பசி தாங்காது. வெல்லக்கட்டியை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிடுவேன். வாயில ஒதுக்கிக்கிட்டே வேலை பார்ப்பேன்."

ஆவுடை மகளை உள்ளே உட்கார வைத்து ஆறு இட்லி வைத்தாள். உலகு ஆறையும் தின்றாள். தின்னும்போது இடதுபக்கம் மெல்லாமல் வலதுபக்கமே மென்றாள். ஆவுடை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் மேல் பாவமாக இருந்தது. பாவத்துக்கு மேலே பயமாக இருந்தது.

மகள் கை கழுவும்வரை பொறுத்திருந்து மெதுவாக ஆரம்பித்தாள்.

"உலகு, இன்னும் ரெண்டு மாசத்துல வளைகாப்பு. கட்டுச்சோறு கட்டி, நாலு பேரோட முறையா வந்து உன்னை அழைச்சுட்டு வாரேன். அதுக்கு முன்னால நீயா பையைத் தூக்கிட்டு வந்து நின்னா, வாழாவெட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிருவாங்கட்டி. அது ஒட்டினா உரியாது."

"மருந்தை மறுபடியும் கொடுத்தா?"

"நான் வந்து உன் மாமியார்கிட்டப் பேசுதேன். அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கெட்டது செய்யணும்னா செய்யுதா?"

"பேசாத மனுசன்கூட எப்படிம்மா இருக்க?"

"உங்க அப்பா பேசினாவ. அவுக பேசினதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம்."

உலகுவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் ஆவுடை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டே ரெண்டு மாசம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. நானும் இருந்தேன்லா?"

"அதைத்தானம்மா செய்யுதேன்" என்றாள் உலகு. "தூக்கத்துலகூட அதைத்தான் செய்யுதேன்."

ஆவுடையம்மாள் இட்லித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். எழுந்து கொட்டகைக்குப் போனாள். அங்கே பூரணி அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தாயே, உலகு வந்திருக்கா."

"கேட்டுச்சு."

"நீங்க சொன்னா அவ கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு மணி பஸ்ஸுல நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்துருதேன்."

"என்ன சொல்லணும்?"

"பொறுத்துக்கோன்னு."

"எதுவரைக்கும்?"

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை.

"அதை நான் எப்படிச் சொல்ல? நீங்கதான் சொல்லணும். ஒரு பொம்பளை எதுவரைக்கும் பொறுக்கணும் தாயே?"

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தார்.

"கொஞ்சம் வெந்நீர் கொண்டு வாங்க. உலகுவையும் கூப்பிடுங்க."

உலகு வந்து அம்மையின் எதிரே உட்கார்ந்து, சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தாள். அம்மை கையைக் கழுவிவிட்டு, அவள் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். ஈறு செக்கச்செவேலென்று உப்பியிருந்தது.

"பிள்ளை உண்டானா ஈறு கொஞ்சம் உப்பத்தான் செய்யும். பயப்படாதே. ஆனா தேய்க்காம விட்டா அழுக்கு சேர்ந்து இன்னும் உப்பும், இன்னும் ரத்தம் வரும். மெல்லிசா இருக்கிற பிரஷ்ஷை வச்சு மெதுவாத் தேய்."

"வாந்தி எடுத்ததும் தேய்க்கலாமா அம்மை?"

"எடுத்ததும் வேண்டாம். வெறும் தண்ணியில கொப்பளி. அரை மணி நேரம் கழிச்சுத் தேய். இடதுபக்கம் ஒரு பல்லு சொத்தை விழுந்திருக்கு, அது வெல்லக்கட்டி தங்கின இடம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்த மாசத்துல பார்க்கலாம், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. காலையில எழுந்தா தாடை வலிக்குதா?"

"வலிக்கு. நெத்திப்பொட்டும் வலிக்கு."

"ம்." அம்மை திரும்பினார். "அக்கா, நீங்க வாங்க."

"நானா? எனக்கு என்னத்துக்கு? அடுப்புல..."

"குழம்பை நான் அப்பவே இறக்கி வச்சுட்டேன்."

உலகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆவுடைக்கு வேறு வழி இல்லாமல் போனது. உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அம்மை நெடுநேரம் பார்த்தார். ஒரு வெற்றிடத்தை விரல் நுனியால் தொட்டார்.

"இது எப்போ போச்சு?"

"இவளுக்கு மூத்தவன் வயித்துல இருக்கையில. இப்படித்தான் ரத்தம் வந்துச்சு. தேய்க்காதேன்னாவ. தேய்க்கலை. பிள்ளை பிறந்து மூணாம் மாசம் ஆடி விழுந்துட்டு."

"இது?"

"வலிக்குன்னு புகையிலை வச்சேன். பிறகு வலி போச்சு, புகையிலை போகலை. அது கிடந்த இடம்."

"இந்த ரெண்டும்?"

"நாப்பத்தஞ்சுல சர்க்கரை வந்துச்சு தாயே. ஈறு அப்படியே கீழ இறங்கிட்டு. பல்லு சொத்தை இல்லை, ஒண்ணும் இல்லை. தானா ஆடி, தானா கழண்டு வந்துட்டு. கையில வச்சுப் பார்த்தேன். முழுசா இருந்துச்சு. தூரப் போட மனசே வரலை."

"இப்போ நாக்கு ஒட்டுதா?"

"தீட்டு நின்னதுல இருந்து வாய் காய்ஞ்சு கிடக்கு. ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணி குடிக்கேன்."

உலகு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து சோறு தின்றும், இதில் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மறைத்துச் சிரிப்பது வெட்கத்தினால் என்றே இதுவரை நினைத்திருந்தாள்.

அம்மை எழுந்துபோய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மலையிலிருந்து தேன் கொண்டு வருகிறவர்கள் கொடுத்த மெழுகு அதில் இருந்தது. மூன்று துண்டு எடுத்து வெந்நீரில் போட்டார். இளகியதும் ஒவ்வொன்றையும் விரல் கனத்துக்குத் தட்டினார்.

"முன்பல்லால மட்டும் கடிங்க. மென்னுறாதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் முன்பல்லு எல்லாம் இருக்கு."

"இது எதுக்கு தாயே?"

"நீங்க ஒண்ணு கேட்டீங்கல்ல? அதுக்கு."

தாய் கடித்தாள். மகள் கடித்தாள். அம்மை தானும் ஒன்றைக் கடித்தார். மூன்றையும் பச்சைத் தண்ணீரில் போட்டு, இறுகியதும் எடுத்து, ஒரு வாழையிலைத் துணுக்கின் மேல் வரிசையாக வைத்தார். வைக்கும்போது ஆவுடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இடம் மாற்றி வைத்தார்.

"இதுல உலகுவோடது எது? சொல்லுங்க."

ஆவுடையம்மாள் குனிந்து பார்த்தாள். ஒரு துண்டில் பல்லின் தடம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் கோரைப்பல் இறங்கிய குழி ஆழமாக இருந்தது. மற்ற இரண்டிலும் குழியே இல்லை. கொத்தனார் நூல் பிடித்து மட்டம் பார்த்த மாதிரி ஒரே கோடு.

"இதுதான்." குழி விழுந்த துண்டை அவள் தொட்டாள். "வயசுப்பிள்ளை பல்லு தெரியாதா?"

"அது என்னுது அக்கா."

ஆவுடை கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ இந்த ரெண்டுல எது அவளுது?"

"நீங்கதான் சொல்லணும். பெத்தவங்க."

இரண்டையும் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். இதில் ஒன்று தன் பல். ஐம்பது வருஷமாகத் தன் வாயில் இருக்கிற பல். கரும்பு கடித்த பல், நூல் அறுத்த பல். அதைக்கூடவா தெரியாது? மறுபடியும் பார்த்தாள்.

"தெரியலையே தாயே."

உலகு எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

"ஒண்ணு முப்பது வருஷத்துல தேஞ்சது" என்றார் அம்மை. "ஒண்ணு மூணு வருஷத்துல."

உலகுவுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம்.

"மூணு வருஷத்துல இவ்வளவா?"

"வாந்தி எடுக்கிறா இல்லையா? புளிப்பு பட்டுப் பட்டுப் பல்லு இளகிக் கிடக்கு. அது மேல இறுக்கிக் கடிச்சா வேகமாத் தேயும்."

"எனக்கு எதுக்குத் தேஞ்சுது? நான் கடிக்கிறதே இல்லையே."

"உங்க படுக்கைக்கும் என் படுக்கைக்கும் நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு? மூணு வருஷமா கேக்குறேன்."

ஆவுடையம்மாள் தன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவுக போய் நாலு வருஷம் ஆச்சே தாயே. இன்னும் எதுக்குக் கடிக்கேன்?"

"நீங்கதான் சொல்லணும்."

"தெரியலை. எங்க அம்மா சொன்னா, தாலி கட்டின அன்னைக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருன்னு. எப்போ விடணும்னு அவ சொல்லலை. நானும் கேக்கலை." அவள் உலகுவைப் பார்த்தாள். "இவளுக்கு நான் ரெண்டு மாசம்தானே சொன்னேன்..."

கையில் இரண்டு மெழுகுத் துண்டும் இருந்தன. எது யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

உலகுவின் புருஷன் நயினார். நல்ல உயரம். அம்மா சொன்னால் உட்காருவான், சொன்னால் எழுந்திருப்பான். அவனைக் கண்டதும் உலகு எழுந்து உள் அறைக்குப் போய்விட்டாள். நயினார் கொட்டகைக்கு வெளியே செருப்பைக் கழற்றி, கழற்றிய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாங்க தம்பி. உட்காருங்க" என்றார் அம்மை.

உட்கார்ந்தான்.

"வாயைத் திறங்க."

அவன் திகைத்து மாமியாரைப் பார்த்தான். மாமியார் ஒன்றும் சொல்லாததால் திறந்தான். அம்மை பார்த்தார்.

"அருமையான பல்லு. ஒரு கீறல் இல்லை. நாலு மாசமா பேசாத வாய் இல்லையா, கடையில இருந்து இப்போ வாங்கின மாதிரி இருக்கு."

நயினாருக்குக் காது சிவந்தது. உள் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உலகு இருமினாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது.

"அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாவ அத்தை" என்றான் அவன் ஆவுடையிடம்.

"உங்க அம்மா சொன்னாவ, சரி. நீங்க என்ன சொல்லுதிய?"

அவன் பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மறுபடி எடுத்தான்.

ஊரில் முதலில் யார் கேட்பார்கள், எந்த வார்த்தையில் கேட்பார்கள், எந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள் என்பதெல்லாம் வரிசையாக ஆவுடையம்மாளின் கண்ணுக்கு முன் வந்தது. அம்மையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மை கீரையை மறுபடி எடுத்து ஆய ஆரம்பித்திருந்தார். நிமிரவே இல்லை.

"நான் அனுப்ப மாட்டேன் மாப்பிள்ளை."

"அத்தை, வளைகாப்புக்கு முன்னாலயா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"என்னவும் சொல்லுவாங்க. அதை நினைச்சா எனக்கு இப்பவே வயித்தைக் கலக்குது. இன்னைக்குத் தூக்கம் வராது, நாளைக்கும் வராது. ஆனாலும் அனுப்ப மாட்டேன். வளைகாப்பை என் வீட்டுல வச்சுக்கிடலாம். நீங்க வாங்க, உங்க அம்மா வரட்டும். வந்தா இலை போடுதேன். வரலைன்னா நானும் அவளும் சாப்பிடுதோம்."

"அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"வயித்துல பூச்சி இல்லை, பிள்ளைதான் இருக்குன்னு சொல்லுங்க."

நயினார் தலையைக் குனிந்தான். அம்மை ஆய்ந்த கீரைக் காம்புகள் இலையில் விழுந்துகொண்டிருந்தன. அவன் போவான் என்று ஆவுடை நினைத்தாள். அவன் போகவில்லை. உள் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தான்.

"அவளுக்கு இப்போ... ரத்தம் நின்னுட்டா?"

அவன் யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

"நிக்கும்" என்றாள் ஆவுடை. அவளுக்கு அவனைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. யாரைப் பார்த்தாலும் அவளுக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

"எவ்வளவு நாளைக்கு அத்தை? ஒரேயடியாவா?"

அனுப்ப மாட்டேன் என்று சொல்லும்வரைதான் அவள் யோசித்திருந்தாள். அதற்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு நாளைக்கு தாயே?" என்று அவளும் கேட்டாள்.

பூரணி அம்மை கடைசிக் காம்பையும் உருவிப் போட்டுவிட்டு நயினாரை நிமிர்ந்து பார்த்தார்.

"நடுவுல எப்போ வேணும்னாலும் வந்து பாருங்க தம்பி. கூட்டிட்டுப் போறதை மட்டும் இப்போ பேச வேண்டாம். பிள்ளை பிறக்கட்டும். பிறந்து ஆறேழு மாசத்துல கீழ ரெண்டு பல்லு முளைக்கும். அதுக்கு ஈறு அரிக்கும், கிடைச்சதை எல்லாம் கடிக்கும். அன்னைக்கு உங்க விரலைக் கொடுங்க. நறுக்குன்னு ஒரு கடி கடிக்கும். கையை உதறிக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிறக் கூடாது. வலிக்குதுன்னு வாயைத் திறந்து அதுகிட்டச் சொல்லணும். சொல்ல வந்துச்சுன்னா, உலகு பக்கத்துலதான் இருப்பா. வீட்டுக்கு வர்றியான்னு அவகிட்டக் கேளுங்க."